எட்டு லிங்கத்திலும் ஒரு பூச்சு

எங்கள் ஊர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் என்னிடம் குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அக்னித் தலத்துக்கு வந்துவிட்டு, "இங்க ஏன் இவ்ளோ சூடு?" என்று கேட்டால் எப்படி? திருவண்ணாமலையில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு, இங்கேயே வேலையும் பார்க்கிற எனக்கு வெயில் என்றால் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. திட்டுவேன், ஆனால் வேறு யாரும் திட்ட விடமாட்டேன். அந்த வெயிலே ஒரு பங்குனி மாதம் என் கன்னத்தில் கை வைத்தபோதுதான் எனக்கு ரோஷம் வந்தது.

நான் நில அளவையர். ஊரில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், சர்வேயர் என்பார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் வயலை அளப்பது, பாகம் பிரிந்தால் உட்பிரிவு செய்து கொடுப்பது, காணாமல் போன எல்லைக்கல்லைத் தேடிப் பிடிப்பது என் வேலை. கல் தானாக நடந்து போகாது. யாராவது ஒரு பங்காளி அதற்குக் கால் முளைக்க வைத்திருப்பார். நான் போய் நின்றதும் இரண்டு பக்கமும் கத்துவார்கள். நானும் கத்துவேன். என் குரல் அவர்கள் குரலைவிடப் பெரியது. இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். காலையில் வரப்பில் நின்று, வேர்க்கடலைச் செடியின் வாசனையோடு அளவு நாடாவைப் பிடித்து இழுக்கிறபோது எனக்கு இருக்கும் சந்தோஷம், வீட்டில் விசேஷத்துக்குப் பட்டுப்புடவை கட்டும்போதுகூட இருந்ததில்லை.

முதலில் கன்னத்தில் அரித்தது. வேர்க்குரு என்று விட்டுவிட்டேன். பிறகு கழுத்தில், முன்கையில் சிவப்புச் சிவப்பாகப் பொரிப்பொரியாகக் கிளம்பியது. வெயிலில் நின்ற நாளெல்லாம் மாலையில் எரியும், ராத்திரி சொறியச் சொல்லும். வேப்பிலை அரைத்துப் பூசினேன், கற்றாழை தடவினேன், சந்தனம் போட்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். அலுவலகத்தில் ஒருவர் கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னார், இன்னொருவர் கருவாட்டை. இரண்டையும் நிறுத்தினேன். அரிப்பு நிற்கவில்லை. நாக்குதான் செத்துப்போனது.

கடைசியில் டவுனில் இருக்கும் தோல் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண், சிரித்த முகம். என் கன்னத்தையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வெயில் ஒத்துக்கலம்மா" என்றார்.

"நான் இந்த ஊர்க்காரி டாக்டர். எனக்கு வெயில் ஒத்துக்கலன்னா யாருக்கு ஒத்துக்கும்?"

"அது உங்க தோலுக்குத் தெரியலையே" என்று சிரித்தார். "முழுக்கைச் சட்டை போடுங்க, தொப்பி வைங்க. இந்த சன்ஸ்கிரீன வெயில் படற எடத்துலல்லாம் போடுங்க. ஆடி மாசம் வரைக்கும் பாப்போம். கம்மியாகலன்னா, வெளிவேலை வேணாம்னு சர்ட்டிபிகேட் எழுதித் தந்துடறேன். உள்ள உக்காந்து பாக்கற வேலையா மாத்திக்குங்க."

அந்த உள்ளே உட்கார்ந்து பார்க்கிற வேலை எது என்று எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தின் பதிவேட்டு அறை. அங்கே இருந்தவர் ஓய்வு பெற்று நாற்காலி காலியாக இருந்தது. பழைய காகித வாசனை, எலி மருந்து, பகலிலும் எரியும் ஒரு டியூப்லைட், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல். எங்கள் அதிகாரி நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "அந்த சீட்ட உங்களுக்குன்னே வெச்சிருக்கேன்மா" என்று சொல்லிவிட்டார். ஆடிக்குள் முகம் தெளியவில்லை என்றால், ஓய்வு பெறும் வரைக்கும் நான் அந்த ஜன்னல் வழியாக மோட்டார்சைக்கிள்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டில் வந்து சொன்னால், என் வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. அவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆசிரமத்துப் பக்கம் செங்கம் சாலையில் ஸ்டாண்டு. நடக்க முடியாதவர்களை ஆட்டோவிலேயே கிரிவலம் கூட்டிப்போவதுதான் முக்கியமான சவாரி.

"பேனுக்கு அடியில உக்காந்து சம்பளம் வாங்கறதுக்குக் கசக்குதா உனக்கு? நானா இருந்தா இந்நேரம் போய் சீட்டத் தொடச்சி உக்காந்திருப்பேன்" என்றார்.

"நீங்க போய் உக்காருங்க. நான் ஆட்டோ ஓட்டறேன்" என்று தட்டை நங்கென்று வைத்தேன்.

ஆக, என் மானமும் வேலையும் அந்த கிரீம் டியூபில்தான் இருந்தன. அதை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் எந்த டியூபும் என்னைக் கேட்காமல் தீராது. பற்பசையைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி எடுக்கிறவள் நான். இந்த கிரீமோ விலை ஜாஸ்தி. அதனால் தினமும் காலையில் குளித்ததும் விரல் நுனியில் மிளகளவு எடுத்து, நெற்றியில் ஒரு புள்ளி, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு புள்ளி, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று வைப்பேன். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு முகத்துக்கு கிரீம் போடுவார்களே, அந்த மாதிரி. அதைப் பரபரவென்று தேய்த்து, மேலே பவுடர், மேலே விபூதி, பொட்டு. சுடிதாருக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய காக்கிச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவேன். வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள் துப்பட்டாவால் முகத்தை நாலு தடவை துடைத்திருப்பேன். மாலையில் முகம் எரியும்போது அந்த டியூபைப் பிடித்துத் திட்டுவேன். "காசப் புடிங்கிக்கறதுக்குன்னே கண்டுபுடிச்சிருக்கானுங்க!"

இப்படியே சித்திரை போனது. வைகாசியில் டாக்டரிடம் போனபோது முகம் முன்பைவிட மோசம். டாக்டர் கவலையாகப் பார்த்து, "கிரீம் போடறீங்களாம்மா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "ஒரு நாள் தவறாம போடறேன் டாக்டர்! நம்பலன்னா பாருங்க" என்று பையிலிருந்து டியூபை எடுத்து மேசைமேல் வைத்தேன். வைத்த கையோடு பெருமையாக வேறு சொன்னேன். "எவ்ளோ பத்திரமா வெச்சிருக்கேன் பாருங்க. இன்னும் முக்கா டியூப் அப்படியே கீது."

டாக்டர் டியூபை எடுத்து அழுத்திப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும் சிரித்தார்.

"அம்மா, இது ஊறுகாய் இல்ல, தொட்டுக்கறதுக்கு. இந்நேரம் இது தீர்ந்து அடுத்தது வாங்கியிருக்கணும். ஆனப் பசிக்கு சோளப்பொரி போட்டா ஆன அடங்குமா?"

தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி, அடியிலிருந்து நுனி வரைக்கும் இரண்டு விரலிலும் கிரீமைப் பிதுக்கினார். எனக்கு நெஞ்சு பதறியது. அது எனக்கு ஒரு வாரத்துக்கு ஓடும்.

"முகத்துக்கும் கழுத்துக்கும் இவ்ளோ. கைக்குத் தனியா. காது, பின்கழுத்து எதையும் விடக்கூடாது. வெளிய கிளம்பறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே போட்டுடணும். வெயில்ல இருந்தீங்கன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ மறுபடி போடணும். வேர்வையத் தொடச்சீங்கன்னா அதோட கிரீமும் போயிடும், அப்பவும் போடணும்."

"அப்ப நான் நிலம் எப்ப டாக்டர் அளக்கறது?"

"நடுநடுவுல அளங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் சொன்னபடி இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்தில் பூசினேன், கழுத்துக்கும் காதுக்கும் கை போகவில்லை. கண்ணாடியைப் பார்த்தால், பொங்கலுக்கு வெள்ளை அடித்த சுவர் என்னைப் பார்த்தது. பூசியதும் அப்படித்தான் இருக்கும், சற்று நேரத்தில் தோலோடு சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்து அவசரம், சேர்வதற்குள் கிளம்பிவிட்டேன்.

அப்போது கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை ஓடிக்கொண்டிருந்தது. கடலைக் கொல்லை. புஞ்சை நிலத்தை எங்கள் பக்கம் கொல்லை என்போம். நடுவில் ஒரு எல்லைக்கல் காணோம். அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும், தம்பிக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மி. ஒருத்தரோடு ஒருத்தர் பேசமாட்டார்கள். பேசவேண்டியதை என்னிடம் சொல்வார்கள், நான் ஒரு அடி தூரத்தில் நிற்கிற இன்னொருத்தரிடம் சொல்லவேண்டும். அப்படிப்பட்ட அண்ணனும் தம்பியும் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றாகிவிட்டார்கள்.

"இன்னா சர்வேயரம்மா, மூஞ்சில சுண்ணாம்பு அடிச்சிக்கினு வந்துக்கிறீங்க?" என்றார் அண்ணன்.

"கூத்து கட்டப் போறாங்களாட்டம் இருக்குது" என்றார் தம்பி, அண்ணனைப் பார்த்தே.

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருங்கிப்போனேன். பன்னிரண்டு மணி வெயிலில் மறுபடி பூசவேண்டிய நேரம் வந்தபோது பைக்குள் விட்ட கை டியூபைத் தொட்டுவிட்டுச் சும்மா திரும்பியது. பங்காளிச் சண்டைக்கு நடுவில் சர்வேயர் முகத்துக்கு கிரீம் தடவிக்கொண்டு நின்றால் அளவை யார் மதிப்பார்கள்? 'மேக்கப் போட வந்துட்டாங்க' என்று ஊரெல்லாம் பேசும். ஒரு பெண்பிள்ளை இந்த வேலையில் பேர் வாங்குவதற்கு எவ்வளவு தொண்டை வறள வேண்டியிருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் காலையில் ஒருமுறை பூசுவதோடு நிறுத்திக்கொண்டேன். மறுநாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

ஆனி பிறந்தது. ஒருநாள் சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு வயலைப் பார்ப்பது மாதிரி என் முகத்தைப் பார்த்தேன். எல்லை அவ்வளவு சுத்தமாக இருந்தது. கிரீம் பட்ட கன்னத்தின் நடுவே கொஞ்சம் தெளிவு. துப்பட்டா துடைத்த மேல் உதட்டிலும் நெற்றியிலும் சிவப்பு. தாடை எலும்புக்குக் கீழே, நான் கை கொண்டுபோகாத இடத்தில், கோடு போட்ட மாதிரி பொரி ஆரம்பித்துக் கழுத்து முழுக்க இறங்கியிருந்தது. காது மடல் இரண்டும் பழுத்த மிளகாய் நிறம். எங்கே பூசினேன், எங்கே விட்டேன், எங்கே துடைத்தேன் என்று கல் நட்டுக் காட்டியது என் தோல். எல்லாம் தெரிந்து என்ன, வெட்கத்தை விட்டு அந்த டியூபை நாலு பேர் முன்னால் எடுக்க எனக்குத் தைரியம் இல்லையே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

சவாரி முடிந்து வந்தவர் பார்த்துவிட்டார். வாசல்படியில் நின்று மலையை ஒருமுறை பார்த்தார். பிறகு, "எதுக்கு இந்தப் பாடு? அந்த உள்வேலைக்கே போயிடேன்" என்றார்.

என் கண்ணீர் அப்படியே ஆவியாகிவிட்டது. "நீங்களும் அவங்க கூடவே சேந்துக்குங்க! எம்மேல அக்கற இருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்று ஆரம்பித்து, கல்யாணமான புதிதில் அவர் மறந்துபோன ஒரு மல்லிகைப்பூ வரைக்கும் போய்த்தான் நிறுத்தினேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. அண்ணன் தம்பிக்கு நடுவில் நான் நின்ற மாதிரி எங்களுக்கு நடுவில் நிற்கவும் ஆளில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். அவருக்குத் தலைமுடி என்றால் உயிர். அந்த வயதிலும் அடர்த்தியாக, சுருட்டையாக இருக்கும், மாதம் தவறாமல் சாயம் போடுவார். அதைத் துவட்ட அரைமணி நேரம். விபூதி எல்லாம் கழுவிப்போன நெற்றியில் மூன்று வெளிர்ப்பட்டை தெரிந்தது. எனக்குப் புதிதில்லை. ஆட்டோ வெயிலில் முகம் கறுத்துப்போயும் விபூதி இடுகிற இடம் மட்டும் மூன்று கோடாக வெளுத்திருக்கும். 'அண்ணாமலையார் பச்ச குத்தி உட்டுட்டாரு' என்று அவரே கேலி செய்துகொள்வார். விபூதியாலா, நெற்றிச் சுருக்கத்தாலா, யாருக்குத் தெரியும்?

"வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். உன் மூஞ்சிக்காக வேண்டிக்குவோம்" என்றார். கோபம் தீரவில்லை என்று காட்டுவதற்காக முணுமுணுத்துக்கொண்டேதான் ஆட்டோவில் ஏறினேன்.

கிரிவலப் பாதையில் எட்டு லிங்கம். ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, கும்பிட்டு, விபூதி வாங்குவார். அவர் விபூதி இடுகிற அழகை அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். கஞ்சத்தனமே கிடையாது. மூன்று விரல் நிறைய எடுத்து நெற்றியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் இழுப்பார். பிறகு இரண்டு கைகளிலும், தொண்டைக்குழியிலும். விபூதியைக் கீழே சிந்தக்கூடாது என்று உள்ளங்கையில் மிச்சம் இருப்பதைப் பின்கழுத்தில் தேய்த்து, விரலில் ஒட்டியதைக் காது மடலில் துடைப்பார். அடி அண்ணாமலையில் டீ குடித்துவிட்டு முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். நெற்றி காலி. அடுத்த லிங்கத்தில் மறுபடி மூன்று விரல் நிறைய.

"இப்பதான இட்டீங்க? எத்தினி தடவதான் இடுவீங்க?" என்று கேட்டேன். மூன்று நாளில் நான் பேசிய முதல் வார்த்தை.

"தொடச்சிட்டேன் இல்ல? காத்துலயும் வேர்வையிலயும் போயிடுதும்மா. போனா இன்னொரு தடவ இட்டுக்கறது. இதுல இன்னா இருக்கு?"

"நாலு பேரு பாக்கறாங்களே, கூச்சமா இல்ல?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "விபூதி இட்டுக்க இன்னா கூச்சம்?" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எனக்கு உச்சியில் யாரோ குட்டு வைத்த மாதிரி இருந்தது. நிறைய எடுக்கவேண்டும், காதையும் பின்கழுத்தையும் விடக்கூடாது, துடைத்தால் திரும்பப் பூசவேண்டும், யார் பார்த்தாலும் கவலையில்லை. டாக்டர் சொன்னதை எல்லாம் என் வீட்டுக்காரர் இத்தனை வருஷமாக என் கண்ணெதிரிலேயே செய்துகொண்டிருக்கிறார். அடக் கடவுளே, நான் நெற்றியில் விபூதிக்கு இடம் கொடுத்த அளவுக்குக்கூட அந்த கிரீமுக்கு இடம் கொடுக்கவில்லையே! குபேர லிங்கம் வரைக்கும் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து, "வெயில் தலைக்கு ஏறிடுச்சா?" என்று கேட்டார்.

மறுநாள் அதே கடலைக் கொல்லை. அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். முதல் கல்லிலிருந்து அளந்து இரண்டாவது கல்லுக்கு வந்ததும், "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி, முகத்தை ஒற்றி எடுத்து, பையிலிருந்து டியூபை எடுத்தேன். இரண்டு விரல் நிறையப் பிதுக்கினேன். நெற்றி, கன்னம், மூக்கு, கழுத்து. மிச்சத்தைப் பின்கழுத்தில், காதில். சண்டை சட்டென்று நின்றுவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"இன்னாமா இது, வேளைக்கு வேளை மூஞ்சி பூச்சு?" என்றார் அண்ணன்.

"மருந்து. வேளாவேளைக்குப் போட்டாதான் மருந்து. உங்க கடலைக்குப் பூச்சி மருந்து அடிக்கறப்ப ஒரு செடிக்கு அடிச்சிட்டு மீதிய உட்டுடுவீங்களா?" என்றேன். என் பழைய குரல் திரும்பி வந்திருந்தது.

வரப்பில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்து என்னிடம் வந்தார். "அம்மா, எனக்கும் கன்னத்துல மங்கு வுழுந்துக்கினே போவுது. அதுக்கும் இது கேக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள், வெயில் படாமல் இதைப் போடுவது நல்லதுதான் என்று சொல்லி, அவர் விரலிலும் பிதுக்கினேன். மிளகளவு போதும் என்று கையை இழுத்தார். விட்டேனா? உடனே தம்பி மனைவி அந்தப் பக்கத்து வரப்பிலிருந்து தாண்டி வந்தார். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிற்பாடு கேட்டேன், பாகம் பேச ஆரம்பித்ததிலிருந்து அவர்கள் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவையாம். அண்ணன் தம்பி சண்டை தீர்ந்துவிட்டது என்று கதை விடமாட்டேன். அன்று சாயங்காலம் கல்லை நட்டதும் அது நாலு விரல் தள்ளி இருக்கிறது என்று இரண்டு பேருமே கத்தினார்கள். இரண்டு பேரும் கத்தினால் அளவு சரி என்று அர்த்தம்.

அதன் பிறகு அது என் பழக்கமாகிவிட்டது. நேரம் பார்ப்பதில்லை. ஒரு கொல்லை முடிந்து அடுத்ததற்குப் போகும்போது ஒரு பூச்சு, டீ குடித்து முகம் துடைத்தால் ஒரு பூச்சு, சாப்பாட்டுக்குப் பின் ஒரு பூச்சு. கிராமத்தில் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள், "அம்மா பூசிக்கினாங்கன்னா ஆரம்பிக்கலாம்" என்று காத்திருந்தார்கள்.

ஆடி மாதம் டாக்டரிடம் போனேன். முகம் தெளிந்திருந்தது எனக்குத் தெரியும். ஆனால் அவர் என்ன சொல்வாரோ? காலி டியூபுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொன்றையும் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, உள்ளே விரலால் வழித்துத் துடைத்திருந்தேன். கஞ்சத்தனம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

டாக்டர் என் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கழுத்தைப் பார்த்தார். காதை மடித்துப் பின்னால் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் பதிவேட்டு அறையின் ஜன்னல், எலி மருந்து எல்லாம் என் கண்முன் வந்து போயின.

"சர்ட்டிபிகேட் எதுக்கும்மா? தாராளமா வயலுக்குப் போங்க. ஆனா இந்தப் பழக்கத்த மட்டும் உட்டுடாதீங்க, தொப்பியையும்தான்" என்றார். நான் சந்தோஷத்தில் என் வீட்டுக்காரர் விபூதிக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, "விபூதி மருந்து இல்லம்மா, அத நம்பி யாராவது கிரீம உட்டுடப் போறாங்க. ஆனா அவரு பூசற மாதிரி எல்லாரும் கிரீம் பூசினா எனக்குப் பாதி வேல கம்மி" என்றார்.

வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் ஆட்டோவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "இன்னா சொன்னாங்க?"

"வயலுக்கே போகச் சொல்லிட்டாங்க!"

அவர் தலைமுடியை ஒருமுறை கையால் கோதிக்கொண்டார். இன்னொரு முறையும் கோதினார். "சரி, ஏறு" என்றவர் வீட்டுப் பக்கம் போகாமல் கோயில் பக்கம் வண்டியைத் திருப்பினார். மொட்டை அடிக்கிற இடத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"இங்க எதுக்குங்க?"

"அன்னிக்கு அடுப்படியில அழுத இல்ல, அப்பவே வேண்டிக்கினேன். உன் மூஞ்சி தெளிஞ்சி, நீ திரும்பக் கொல்லைக்கே போயிட்டீனா, முடி குடுக்கறேன்னு."

"அன்னிக்கு எங்கிட்ட அந்த உள்வேலைக்கே போன்னு சொன்னீங்களே!"

"அது உங்கிட்ட சொன்னது. இது அவருகிட்ட சொன்னது" என்று மலையைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போனார். நான் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை அழுகை நன்றாக இருந்தது.

அரைமணி நேரம் துவட்டுகிற முடி ஒரு நிமிடத்தில் போய்விட்டது. வெளியே வந்தவரைப் பார்த்தால், நெற்றி வரைக்கும் கறுப்பு முகம், நடுவில் மூன்று வெளிர்க்கோடு, மேலே முட்டை மாதிரி வெள்ளை மண்டை. அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். சந்தனம் பூசக் கிண்ணத்தை நீட்டினார்கள். "அத அப்புறம் வையுங்க" என்று தடுத்துவிட்டு, பையிலிருந்து புது டியூபை எடுத்து, நாலு விரல் நிறையப் பிதுக்கி அந்த மண்டை முழுக்கப் பூசினேன். காதையும் விடவில்லை, பின்கழுத்தையும் விடவில்லை.

"போதும்டி, எல்லாரும் பாக்கறாங்க" என்று நெளிந்தார்.

"கிரீம் பூசிக்க இன்னா கூச்சம்?" என்றேன்.

வேண்டுதல் முடிந்ததால் மலையைச் சுற்றி வந்தோம். உச்சி வெயில். ஒவ்வொரு லிங்கத்திலும் அவர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு இறங்குவார், நெற்றியில் மூன்று விரல் விபூதி இடுவார், பிறகு பேசாமல் வந்து என் முன்னால் குனிந்து நிற்பார். நான் பூசுவேன். குபேர லிங்கத்தில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெளியூர் அம்மா தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார்.

"இது இன்னா வேண்டுதல்மா? எங்க வீட்டுக்காரருக்கும் செய்யணும்."

"வெயில் வேண்டுதல்மா. கைய நீட்டுங்க" என்று சொல்லி அவர் விரலில் பிதுக்கினேன்.